ஜூன் 30 கோர் அப்டேட்: உங்கள் தளத்துக்கும் விளம்பர வருமானத்துக்கும் என்ன ஆனது?

மாடித்தோட்டம்_சேலம் — 2025 ஜூலை 5, இரவு 10.40

வணக்கம். கூகுள் இந்த வருடத்தின் இரண்டாவது கோர் அப்டேட்டை (தேடல் தரவரிசை முறையில் செய்யும் பெரிய மாற்றம்) ஜூன் 30 அன்று தொடங்கியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மார்ச்சில் ஒன்று வந்தது, இது அடுத்தது. முடிய மூன்று வாரம் வரை ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

என் தளம் மாடித்தோட்டம் பற்றியது. 2016-ல் பிளாக்ஸ்பாட்டில் ஆரம்பித்தேன். 2018-ல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதும் சொந்த டொமைன் வாங்கி வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறினேன். 410 பதிவுகள் இருக்கின்றன. படங்கள் எல்லாம் எங்கள் மொட்டைமாடியில் நானே எடுத்தவை.

ஜூனில் நாளுக்குச் சராசரியாக 9.40 டாலர் வந்தது. ஜூலை முதல் ஐந்து நாள் சராசரி 5.10. பெரிய பணம் இல்லைதான், ஆனால் வீட்டுக்கடன் தவணையில் பாதி அதில்தான் போகிறது. குட்டிக் குட்டியாக இருக்கும் 60 பழைய பதிவுகளை இன்று ராத்திரியே அழித்துவிடலாமா என்று கை பரபரக்கிறது. யாருக்காவது இதே நிலைமையா?


கோபுரவாசல் — ஜூலை 5, இரவு 11.02

எனக்கு இரண்டு மடங்கு ஏறியிருக்கிறது சார். அப்டேட் கைகொடுத்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.


கணக்குப்பிள்ளை — ஜூலை 5, இரவு 11.15

கோபுரவாசல், உங்களுடையது கோயில் தளம். 7ஆம் தேதி திருச்செந்தூரில் கும்பாபிஷேகம். ஊரே முருகனைத் தேடுகிறது. அப்டேட்டுக்கு ஏன் அர்ச்சனை?

சேலம் நண்பருக்கு: எதையும் அழிக்காதீர்கள். முதலில் நான்கு எண்கள் வேண்டும். ஜூன் கடைசி வாரத்துக்கும் இப்போதைக்கும் நாளொன்றுக்குத் தேடலில் இருந்து வந்த கிளிக், மொத்தப் பக்கப்பார்வை, பேஜ் ஆர்பிஎம் (ஆயிரம் பக்கப்பார்வைக்குக் கிடைக்கும் வருமானம்), நாடுவாரியாக வருமானம். வருமானம் என்பது பக்கப்பார்வையையும் ஆர்பிஎம்மையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது. இரண்டில் எது விழுந்தது என்று தெரியாமல் பதிவை அழிப்பது, வயிற்றுவலிக்குப் பல்லைப் பிடுங்கியது போலத்தான்.


மாடித்தோட்டம்_சேலம் — ஜூலை 6, காலை 7.20

தூக்கம் வரவில்லை. எண்கள் இதோ.

தேடல் கிளிக்: 4,200 இருந்தது, இப்போது 3,100.
பக்கப்பார்வை: 6,300 இருந்தது, இப்போது 4,900.
ஆர்பிஎம்: 1.49 டாலர், இப்போது 1.04.

நாடுவாரியாக எங்கே பார்ப்பது?


கணக்குப்பிள்ளை — ஜூலை 6, காலை 9.48

பாருங்கள், கதை மாறுகிறது. பக்கப்பார்வை விழுந்தது 22 சதவீதம். ஆர்பிஎம் விழுந்தது 30 சதவீதம். இரண்டும் சேர்ந்துதான் வருமானம் 46 சதவீதம் விழுந்திருக்கிறது. டாலரில் சொன்னால், நீங்கள் இழந்த 4.30-ல் ஏறக்குறைய 2.10 ஆள் குறைந்ததால். மீதி 2.20 வந்த ஆளுக்குக் கிடைத்த காசு குறைந்ததால். கோர் அப்டேட் தரவரிசையைத்தான் மாற்றும். விளம்பரதாரர் கொடுக்கிற விலையில் அது கை வைப்பதில்லை. ஆக, உங்கள் நஷ்டத்தில் பாதிக்கு வேறு எவரோ பொறுப்பு.

காலாண்டு முடிந்து புதியது தொடங்கியிருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஜூன் 30-க்குள் பட்ஜெட்டைச் செலவழிக்க அவசரப்பட்டவர்கள் ஜூலை முதல் வாரத்தில் ஓய்ந்துவிடுவார்கள். ஜனவரியில் இது இன்னும் மோசமாக இருக்கும். தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை ஆர்பிஎம் ஏறும், பொங்கல் பானை பொங்குகிற நேரத்தில் நம் பானை அடங்கியிருக்கும். ஆனால் காலாண்டு மாற்றம் மட்டும் 30 சதவீதம் இழுக்காது. ஆட்சென்ஸில் ரிப்போர்ட்ஸ் போய், பிரேக்டவுனில் 'கன்ட்ரீஸ்' தேர்ந்தெடுத்து, ஜூனையும் ஜூலையையும் ஒப்பிடுங்கள்.


வலைப்பூ2005 — ஜூலை 6, மதியம் 1.30

இந்த மாதிரி இழைகளைப் பார்த்தால் எனக்குப் பழைய நினைப்பு வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2003 நவம்பரில் கூகுளின் ஃபுளோரிடா அப்டேட் வந்தபோது நான் ஆங்கிலத்தில் ஒரு தளம் வைத்திருந்தேன். ஆட்சென்ஸ் பிறந்தது அதே வருடம் ஜூனில். 2011 பிப்ரவரியில் பாண்டா வந்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தை அது அசைக்கும் என்று கூகுளே எண் சொல்லி அறிவித்தார்கள். 2012 ஏப்ரலில் பெங்குவின், ஆங்கிலத்தில் 3.1 சதவீதம். அப்போதெல்லாம் விலங்கின் பெயரைச் சொன்னாலே குற்றம் என்னவென்று ஓரளவு புரியும். பாண்டா என்றால் சரக்கு இல்லாத பக்கம், பெங்குவின் என்றால் காசு கொடுத்து வாங்கிய லிங்க். இப்போது 'கோர்' என்கிறார்கள். குறிப்பாக எதையும் சரிசெய்ய வேண்டியதில்லாமலும் இருக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

தமிழ்ப் பக்கத்தில் ஆட்சென்ஸ் போடுவது அன்று ஒரு திருட்டு வேலை. இந்திக்கு 2014 டிசம்பரில் கிடைத்தது, நமக்கு 2018 பிப்ரவரி. அதுவரை ஆங்கிலத்தில் நாலு பதிவு எழுதி அனுமதி வாங்கிவிட்டு, தமிழ்ப் பக்கத்திலும் ஒட்டிவைப்போம். பாதி நேரம் காசு தராத பொதுச்சேவை விளம்பரம்தான் ஓடும். முதல் நூறு டாலர் சேர எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. காசோலை கூரியரில் வந்தது. வங்கியில் கொடுத்தால் கேஷியர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் செக்கு தம்பி?" என்றார். பணம் கணக்கில் ஏற ஒன்றரை மாதம். அந்தக் காசோலையின் ஜெராக்ஸ் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.


புதுவரவு_தேனி — ஜூலை 6, மாலை 4.05

வணக்கம் அண்ணன்களே, நான் புதுசு. கூகுள் நம் பங்கைக் குறைத்துவிட்டதால்தான் எல்லோருக்கும் ஆர்பிஎம் விழுகிறது என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். உண்மையா? இன்னொன்று, வருமானம் 10 டாலர் தாண்டி ஐந்து வாரம் ஆகிறது, முகவரியைச் சரிபார்க்கக் கூகுள் அனுப்பும் பின் நம்பர் கடிதம் வரவே இல்லை.


கணக்குப்பிள்ளை — ஜூலை 6, மாலை 6.22

தம்பி, யூடியூபர் சொன்னதில் ஒரு துண்டுதான் உண்மை. 2023 நவம்பரில் கணக்குப் போடும் முறையை மாற்றுவதாக அறிவித்தார்கள். முன்பு மொத்தத்தில் 68 சதவீதம் நமக்கு என்று ஒரே எண்ணாகச் சொல்வார்கள். இப்போது இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். விளம்பரதாரர் கூகுள் ஆட்ஸ் வழியாக வந்தால் அந்தப் பக்கம் சராசரியாக 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் நமக்கு 80. நூறு ரூபாய்க்குப் போட்டுப் பாருங்கள்: 15 போக 85, அதில் 80 சதவீதம் 68. சுற்றி வந்தாலும் அதே இடம்தான். வேறு நிறுவனத்தின் கருவி வழியாக வரும் விளம்பரத்துக்கு அந்தக் கருவியின் கட்டணம் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும்.

அதோடு சேர்ந்து வந்த இன்னொரு மாற்றத்தைத்தான் நம்மவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை. பெரும்பாலும் கிளிக்குக்குக் காசு என்றிருந்ததை இம்ப்ரெஷனுக்கு, அதாவது விளம்பரம் காட்டப்படும் ஒவ்வொரு முறைக்கும், காசு என்று ஆக்கினார்கள். விளம்பரத்தைக் கிளிக் செய்ய வைக்கிற பழைய வித்தைகள், மெனு மாதிரியே லிங்க் விளம்பரம், படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பது, இவற்றுக்கு இனி பெரிய பலன் இல்லை. ஆள் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், விளம்பரம் கண்ணில் படுகிறதா என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

பின் கடிதம் சாதாரணத் தபாலில் வரும், பதிவுத் தபால் இல்லை. உங்கள் போஸ்ட்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். முகவரியில் கதவு எண், பின்கோடு சரியா என்று பாருங்கள். வராவிட்டால் மறுபடி கேட்கலாம். முதல் பின் உருவான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிக்காவிட்டால் விளம்பரம் நின்றுவிடும், அதை மட்டும் மறக்காதீர்கள்.


வலைப்பூ2005 — ஜூலை 6, இரவு 8.10

பங்கு கிடக்கட்டும். விலையை நிர்ணயிக்கும் சந்தையே ஒருவர் கையில் இருப்பதுதானே கதை? ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நீதிபதி லியோனி பிரிங்கெமா அதைத்தானே சொன்னார். தளக்காரர்கள் பயன்படுத்தும் விளம்பர சர்வர், விளம்பரம் ஏலம் போகும் எக்ஸ்சேஞ்ச், இரண்டிலும் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் வைத்திருக்கிறது என்று தீர்ப்பு. தேடலில் ஏகபோகம் என்று நீதிபதி அமித் மேத்தா போன ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார்.


கணக்குப்பிள்ளை — ஜூலை 6, இரவு 8.31

சரி ஐயா. அது நம் கணக்கில் எப்போது டாலராக ஏறும்? அதுவரை நாடுவாரி ரிப்போர்ட்டைப் பார்ப்போம்.


மாடித்தோட்டம்_சேலம் — ஜூலை 7, இரவு 9.55

பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இந்தியா ஆர்பிஎம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. கனடா, சிங்கப்பூர், மலேசியாவும் அப்படியே. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், நார்வே நான்கும் சேர்ந்து ஜூனில் நாளுக்கு 2.30 டாலர் தந்திருக்கின்றன. இப்போது 10 சென்ட். அங்கிருந்து வரும் ஆள் எண்ணிக்கையோ குறையவே இல்லை!

அங்கிருந்து வருகிறவர்களில் முக்கால்வாசி ஒரே ஒரு பதிவுக்கு: 'குளிர் பிரதேசத்தில் கறிவேப்பிலைச் செடி வளர்ப்பது எப்படி'. என் அக்கா ஜெர்மனியின் டார்ட்மண்டில் இருக்கிறார். அவர் போனில் கேட்டதற்குப் பதிலாக எழுதியது. மொத்தப் பார்வையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத அந்த நாடுகள் என் வருமானத்தில் கால்வாசி கொடுத்துக்கொண்டிருந்தன என்பதே இன்றுதான் தெரிந்தது.


ஈஸ்ட்ஹாம்காரன் — ஜூலை 8, அதிகாலை 3.14

நான் லண்டனில இருந்து. உங்கட கறிவேப்பிலைப் பதிவைப் பார்த்துத்தான் எங்கட வீட்டுச் செடி மூன்று குளிர்காலம் தாண்டி நிற்கிறது, அதுக்கு முதலில் நன்றி.

இப்பதான் உங்கட தளத்தைத் திறந்து பார்த்தேன். முந்தி உள்ளே வந்தவுடன் குக்கிக்கு அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். இப்ப அது வரவே இல்லை. விளம்பரம் வர வேண்டிய இடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கிறது. கைபேசியிலும் பார்த்தேன், கணினியிலும் பார்த்தேன், இரண்டிலும் அப்படித்தான். தளத்தில் ஏதும் மாற்றினீர்களா?


கணக்குப்பிள்ளை — ஜூலை 8, காலை 8.40

நன்றி ஈஸ்ட்ஹாம்காரன், நோயைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

2024 ஜனவரி 16 முதல் பிரிட்டனிலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் உள்ள வாசகருக்கு விளம்பரம் காட்ட வேண்டுமென்றால், கூகுள் சான்றளித்த அனுமதிக் கருவி ஒன்று தளத்தில் ஓட வேண்டும். சுவிட்சர்லாந்துக்கு அதே வருடம் ஜூலை 31. பெட்டி வராவிட்டால் ஏதோ கொஞ்சம் கட்டுப்படுத்தப்பட்ட விளம்பரம் ஓடும், அல்லது ஒன்றுமே ஓடாது. சென்னையில் உட்கார்ந்து பார்க்கிற நமக்குப் பெட்டி தெரியாது, அதனால் காணாமல் போனதும் தெரியாது. சேலம் நண்பரே, ஜூன் கடைசியில் என்ன செய்தீர்கள்? யோசித்துச் சொல்லுங்கள்.


மாடித்தோட்டம்_சேலம் — ஜூலை 8, காலை 10.05

ஐயோ. ஜூன் 29 ஞாயிற்றுக்கிழமை தளத்தின் தீமை (தோற்ற வடிவமைப்பை) மாற்றினேன்.

பழைய தீமின் ஹெடர் ஃபைலில் இரண்டு நிரல்கள் (கோட்) இருந்தன. ஒன்று ஆட்சென்ஸ், இன்னொன்று அனுமதிப் பெட்டி. புது தீமுக்கு ஆட்சென்ஸ் நிரலை மட்டும் எடுத்து ஒட்டியிருக்கிறேன். மறுநாள் அப்டேட் தொடங்கியதால் பழியை அதன் மேல் போட்டுவிட்டேன். இப்போது ஆட்சென்ஸிலேயே 'பிரைவசி அண்ட் மெசேஜிங்' பகுதியில் இலவசமாகக் கிடைப்பதைப் போட்டுவிட்டேன். லண்டன் நண்பர் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?


ஈஸ்ட்ஹாம்காரன் — ஜூலை 8, மாலை 5.50

பெட்டி வருது. விளம்பரமும் வருது. ஒரு தளபாடக் கடை, ஒரு வங்கி.


குரூப்4_குறிப்புகள் — ஜூலை 16, காலை 6.30

நண்பர்களே, என்னை இந்த அப்டேட் கொன்றுவிட்டது. 12ஆம் தேதி வரை நாளுக்கு 38,000 பக்கப்பார்வை. 13ஆம் தேதி 6,000. நேற்று 4,500. ஐந்து வருட உழைப்பு! தேடலில் தளத்தை மேலே ஏற்றுகிற எஸ்இஓ ஆள் ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் 200 பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து நம் தளத்துக்கு லிங்க்) போட்டு மீட்டுத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?


கோபுரவாசல் — ஜூலை 16, காலை 6.52

அண்ணே, குரூப் 4 தேர்வே 12ஆம் தேதி முடிந்துவிட்டதே.


வலைப்பூ2005 — ஜூலை 16, காலை 7.15

😂😂


கணக்குப்பிள்ளை — ஜூலை 16, காலை 9.30

சிரிக்காதீர்கள். பயம் வந்தால் எல்லோருக்கும் காலண்டர் மறந்துபோகும். குரூப்4 அண்ணே, போன குரூப் 4 தேர்வு 2024 ஜூன் 9. கூகுளின் சர்ச் கன்சோலில் (தேடலில் நம் தளம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கருவி) 16 மாதத் தரவு இருக்கிறது, ஜூன் 2024-ஐ எடுத்துப் பாருங்கள், இதே பள்ளம் இருக்கும். 15,000 ரூபாயைப் பையிலேயே வையுங்கள். லிங்க் வாங்குவது 2012-லேயே அடி வாங்கிய வியாபாரம். குரூப் 2 அறிவிப்பு நேற்று வந்திருக்கிறது, முதல்நிலைத் தேர்வு செப்டம்பர் 28. அந்தப் பாடத்திட்டத்துக்குப் பக்கங்களைத் தயார் செய்யுங்கள், அதில்தான் காசு.


குரூப்4_குறிப்புகள் — ஜூலை 16, காலை 10.01

இப்போதுதான் மூச்சு வந்தது. ஜூன் 2024 இப்போது 13 மாதம் முன்பு, அதனால் தெரிகிறது. பள்ளம் அங்கேயும் இருக்கிறது. நன்றி சார்.


மாடித்தோட்டம்_சேலம் — ஜூலை 18, இரவு 9.20

அப்டேட் நேற்று முடிந்துவிட்டதாக அறிவிப்பு பார்த்தேன். என் பாதி நோய்க்கு மருந்து கிடைத்தது. மீதிப் பாதி, தேடல் கிளிக் குறைந்தது, அப்படியே இருக்கிறது. அது அப்டேட்தானே?


கணக்குப்பிள்ளை — ஜூலை 18, இரவு 10.45

முடிந்து ஒரு வாரமாவது கழித்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று கூகுளின் ஆவணத்திலேயே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்தால் ராட்டினத்தில் உட்கார்ந்து எடைபோட்ட மாதிரி. ஆனாலும் ஒன்று இப்போதே பார்க்கலாம். சர்ச் கன்சோலில் தேடுசொல் வாரியாக இம்ப்ரெஷன் (முடிவுகளில் எத்தனை முறை தெரிந்தீர்கள்), சராசரி இடம், சிடிஆர் (தெரிந்ததில் எத்தனை சதவீதம் கிளிக் ஆனது) மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடம் இறங்கியிருந்தால் தரவரிசைப் பிரச்சினை. இடமும் இம்ப்ரெஷனும் அப்படியே இருந்து சிடிஆர் மட்டும் விழுந்திருந்தால் முடிவுப் பக்கத்தின் மேலே வேறு எதுவோ வந்து உட்கார்ந்திருக்கிறது.


மாடித்தோட்டம்_சேலம் — ஜூலை 19, மாலை 6.10

இரண்டு வகையும் இருக்கிறது.

'வெண்டை விதை எத்தனை நாளில் முளைக்கும்' என்ற சொல்லுக்கு இரண்டாம் இடத்திலேயே இருக்கிறேன். இம்ப்ரெஷன் மாறவில்லை. சிடிஆர் 11-லிருந்து 5 ஆகிவிட்டது. நானே தேடிப் பார்த்தேன், மேலே கூகுளின் ஏஐ ஓவர்வியூ (ஏஐ எழுதும் சுருக்கப் பதில்) தமிழில் பதில் சொல்லிவிடுகிறது. ஓரத்தில் என் தளத்தின் லிங்கும் இருக்கிறது! என் பதிலைக் காட்டிவிட்டு என் வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லை.

'செம்பருத்தி மாவுப்பூச்சி' சொல்லுக்கு மூன்றாம் இடத்திலிருந்து ஏழுக்குப் போயிருக்கிறேன். அது அப்டேட் என்று நினைக்கிறேன். 'கறிவேப்பிலை குளிர்காலம்' முதலிடத்திலேயே நிற்கிறது, சிடிஆரும் குறையவில்லை.


வலைப்பூ2005 — ஜூலை 19, இரவு 7.40

வெண்டை கதைதான் எனக்குப் பயம். தமிழில் ஏஐ ஓவர்வியூ வருவதாகப் போன அக்டோபரில் அறிவித்தார்கள். இந்த மாதம் 8ஆம் தேதி, தேடலையே ஏஐயோடு உரையாடலாக்கும் ஏஐ மோடையும் இந்தியாவில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் திறந்துவிட்டார்கள். பாண்டா அடித்தாலும் எழுந்திருக்க வழி இருந்தது. இரண்டாம் இடத்தில் இருந்துகொண்டே பட்டினி கிடப்பது இப்போதுதான்.


கணக்குப்பிள்ளை — ஜூலை 19, இரவு 9.15

ஓவர்வியூவில் கிடைக்கும் கிளிக்கைச் சர்ச் கன்சோல் தனியாகப் பிரித்துக் காட்டுவதில்லை, எல்லாம் ஒரே மூட்டையில் வருகிறது. அதனால் சிடிஆர் விழுந்த சொற்களை இப்படிக் கையால்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒரு வரியில் பதில் முடிந்துவிடும் கேள்விக்கு எழுதிய பதிவுகளின் காலம் முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். நாம் ஒப்புக்கொள்ள விரும்பவில்லை, அவ்வளவுதான். உங்கள் கறிவேப்பிலைப் பதிவைப் படித்தேன். டிசம்பரில் செடியை எந்த ஜன்னல் ஓரம் வைத்தார் அக்கா, இலை எப்போது உதிர்ந்தது, மார்ச்சில் துளிர் வந்த படம், இதெல்லாம் இருக்கிறது. அதைச் சுருக்கிச் சொன்னாலும் படத்தைப் பார்க்க ஆள் வருவார். வெண்டைப் பதிவில் என்ன இருக்கிறது? 'ஐந்து முதல் ஏழு நாள்'. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள், முடிந்தது.


கோபுரவாசல் — ஜூலை 19, இரவு 9.30

சார், எனக்கு ஏறியது எல்லாம் இறங்கிவிட்டது. கும்பாபிஷேகம் என்று நீங்கள் சொன்னது சரி. ஆடி அமாவாசைக்குப் பக்கம் போட்டு வைத்திருக்கிறேன்.


மாடித்தோட்டம்_சேலம் — ஜூலை 26, காலை 11.00

ஒரு வாரம் பொறுத்துவிட்டேன். ஜூன் 22-28 வாரத்தோடு ஜூலை 18-24 வாரத்தை ஒப்பிட்டால், தேடல் கிளிக் நாளுக்கு 4,150-லிருந்து 3,450. பக்கப்பார்வை 5,300. ஆர்பிஎம் 1.38-க்கு ஏறிவிட்டது. நாளுக்கு 7.30 டாலர் வருகிறது.

60 பதிவுகளை அழிக்கவில்லை. அவற்றில் 22 பதிவுகள் வெண்டை மாதிரி ஒற்றை வரிப் பதில்கள். அவற்றைச் சேர்த்து 'ஆடிப்பட்டம்: எங்கள் மாடியில் என்ன விதைத்தோம்' என்று நாள்வாரியாகப் படத்தோடு ஒரே பதிவாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய முகவரிகளை அதற்குத் திருப்பிவிடுவேன். போன வாரம் போட்ட வெண்டை ஐந்தாம் நாள் முளைத்தது, ஒரு தொட்டியில் மட்டும் ஒன்பது நாள். ஏன் என்று தோண்டிப் பார்த்தால் விதையை இரண்டு அங்குலம் ஆழத்தில் புதைத்திருக்கிறாள் என் மகள்.

ஜூன் மாதப் பணம் 23ஆம் தேதி கணக்கில் விழுந்தது. ஆகஸ்டில் வருவது குறைவாகத்தான் இருக்கும், வீட்டில் சொல்லிவிட்டேன்.


ஈஸ்ட்ஹாம்காரன் — ஜூலை 26, மாலை 4.20

அந்தத் தொட்டியின்ர படத்தையும் போடுங்கோ. அப்புறம் ஒரு கேள்வி: என்ர கறிவேப்பிலையின் கீழ் இலைகளில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டுது. இது என்ன?


மாடித்தோட்டம்_சேலம் — ஜூலை 26, இரவு 9.05

தண்டில் பழுப்பாகச் சின்னச் சின்னப் புடைப்பு தெரிகிறதா? தெரிந்தால் செதில்பூச்சி. பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து எடுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பதிவில் சேர்த்துக்கொள்கிறேன்.